சும்மா இருக்கும் லினக்ஸ் கணினியில் விசிறி ஏன் இரைகிறது?

கணினியில் எதுவும் திறந்திருக்கவில்லை. ஆனாலும் விசிறி ஓயாமல் இரைகிறது, மவுஸ் சுட்டி தத்தித் தத்தி நகர்கிறது, மடிக்கணினியாக இருந்தால் மடியில் வைக்க முடியாமல் சுடுகிறது. எங்கள் பயிற்சிக் கூடத்தில் 14 லினக்ஸ் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறேன். அங்கே படிக்க வருகிறவர்கள் வீட்டுக் கணினியையும் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். நான் மிக அதிகமாகச் சரிசெய்த கோளாறு இதுதான். வருகிறவர்களில் பலர் அதற்கு முன்பே லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்திருப்பார்கள். ஒரு நாள் வீணாகியிருக்கும், சிலருக்குக் குடும்பப் புகைப்படங்களும் போயிருக்கும்; விசிறி மட்டும் நின்றிருக்காது. அந்த இழப்பு இன்னொருவருக்கு நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நிரல்களின் பெயர்களையும் கட்டளைகளையும் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்: பெயரைக் கண்டுபிடியுங்கள்

டெர்மினலைத் திறந்து டாப் என்று தட்டுங்கள். பிராசஸரை அதிகம் உண்ணும் நிரல் பட்டியலின் உச்சியில் நிற்கும். சி விசையை அழுத்தினால் அது எந்தக் கட்டளையாக, எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது என்பதும் தெரியும். க்யூ அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். டெர்மினல் பழக்கமில்லை என்றால், உங்கள் திரைச்சூழல் (டெஸ்க்டாப்) எது என்று பாருங்கள்: க்னோமில் சிஸ்டம் மானிட்டரைத் திறங்கள். கேடிஇயில் கண்ட்ரோல், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். சிஸ்டம் மானிட்டர் உங்கள் பெயரில் ஓடும் நிரல்களை மட்டும் காட்டும்படி அமைந்திருக்கலாம். மெனுவில் எல்லாப் பயனர்களின் நிரல்களையும் காட்டும் தேர்வைப் போடாவிட்டால், ரூட் (கணினியின் நிர்வாகி) பெயரில் ஓடுகிற நிரல் கண்ணில் படவே படாது.

டாப்பில் 100 என்றால் ஒரு கோர் (பிராசஸருக்குள் தனித்து வேலை செய்யும் ஒரு பகுதி) முழுவதும் என்று பொருள். நான்கு கோர் கணினியில் அது 400 வரை போகலாம். கோர் எண்ணிக்கையால் வகுத்துக் காட்டும்படி அமைத்த சிஸ்டம் மானிட்டர் அதே நிரலுக்கு 25 என்று காட்டும். இரண்டுமே சரியான கணக்குதான். 130 சதவீதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இரண்டு நிமிடமாவது பார்த்துக்கொண்டிருங்கள். உச்சியில் ஒரே பெயர் நிலைத்து நிற்கிறதா, பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றனவா என்று கவனித்து, பெயரைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உடனே அந்த நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் அது சில வினாடிகளில் மறுபடி எழும். ஏன் ஓடியது என்ற தடயம் மட்டும் போய்விடும்.

அறிகுறி 1: உள்நுழைந்ததும் இரைச்சல், சற்று நேரத்தில் தானாக அடங்குகிறது

பேக்கேஜ்கிட்டி, அன்அட்டெண்டட்-அப்கிரேட், ஸ்னாப்டி போன்ற பெயர்கள் தெரிந்தால் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. காத்திருங்கள். பல நாள் அணைத்து வைத்திருந்த கணினியானால் அரை மணி நேரம்கூட ஆகலாம். இந்த நேரத்தில் மின் இணைப்பைப் பிடுங்குவதுதான் உண்மையான ஆபத்து. பாதி நிறுவிய நிலையில் மென்பொருள் தொகுப்புகள் சிக்கிக்கொள்ளும்.

ஒரு மணி நேரம் கடந்தும் அதே பெயர் நின்றால், முறையாக மறுதொடக்கம் செய்துவிட்டு டெர்மினலில் கைப்படப் புதுப்பித்துப் பாருங்கள். எந்தத் தொகுப்பில் சிக்கியது என்று அங்கே எழுதிக் காட்டும்.

அறிகுறி 2: யாரும் தொடாதபோதும் மணிக்கணக்கில் ஒரு கோர் முழுதாக ஓடுகிறது

எங்கள் கூடத்தில் பாதிக்கு மேற்பட்ட புகார்கள் இந்தத் தலைப்புக்குள் அடங்கிவிடும். உச்சியில் நிற்கும் பெயர் எது என்பதைப் பொறுத்துப் பிரிந்து செல்லுங்கள்.

டிராக்கர்-மைனர் அல்லது லோக்கல்சர்ச் (க்னோம்)

மைனர் என்ற சொல்லைக் கண்டு கிரிப்டோ நாணயம் தோண்டும் வைரஸ் என்று அஞ்சி ஓடி வந்த மாணவர்கள் உண்டு. அது உங்கள் கோப்புகளைப் படித்துத் தேடலுக்கான அட்டவணை தயாரிக்கும் க்னோமின் சொந்த நிரல். 2024இல் வந்த க்னோம் 47 முதல் அதன் பெயர் லோக்கல்சர்ச்.

முதல் காரணம், புதிதாகக் குவிந்த கோப்புகள். நேற்று 40 ஜிபி படங்களை நகலெடுத்திருந்தால் இன்று அது உழைக்கத்தான் செய்யும். ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது காரணம், அட்டவணையே சிதைந்திருப்பது. யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் மின்வெட்டு வந்து, எழுதிக்கொண்டிருந்த அட்டவணை பாதியில் அறுந்தால், அடுத்த முறை நிரல் அதே இடத்தில் முட்டி முட்டி நிற்கக்கூடும். எங்கள் கூடத்தில் மின்வெட்டு நாளுக்கு மறுநாள் இந்தப் புகார் வரும் என்று எதிர்பார்த்தே நான் உட்கார்ந்திருப்பேன். மருந்து எளிது. டிராக்கர்3 ரீசெட் --ஃபைல்சிஸ்டம் என்று தட்டுங்கள். க்னோம் 47க்குப் பிறகு டிராக்கர்3 என்ற இடத்தில் லோக்கல்சர்ச் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அட்டவணை மட்டும்தான் அழியும், உங்கள் கோப்பு ஒன்றுக்கும் கேடில்லை. அதன் பிறகு அட்டவணையைப் புதிதாக எழுத அது மீண்டும் ஓடும். அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டாமல் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, ஏதோ ஒரு கோப்பு அதன் தொண்டையில் சிக்கியிருப்பது. பாதி இறங்கிய பிடிஎஃப், சிதைந்த ஒலிக்கோப்பு போன்றவை. டிராக்கர்3 ஸ்டேட்டஸ் என்று தட்டினால் படிக்க முடியாமல் போன கோப்புகளைச் சொல்லும். அந்தக் கோப்பை அழியுங்கள் அல்லது வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

நிரல் எழுதுகிறவர்களின் கணினியில் லட்சக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட கோப்புறை இருக்கும். அமைப்புகளில் தேடல் பகுதிக்குச் சென்று அந்தக் கோப்புறையை நீக்குங்கள். அல்லது அதற்குள், முன்னால் ஒரு புள்ளி வைத்து டிராக்கர்இக்னோர் என்ற பெயரில் காலிக் கோப்பு ஒன்றை வையுங்கள். அட்டவணை எழுதும் நிரல் அந்தக் கோப்புறைக்குள் நுழையாது.

பலூ_ஃபைல் (கேடிஇ)

இதுவும் அட்டவணை எழுதும் நிரல்தான். கேடிஇயின் ப்ளாஸ்மா 6 பதிப்பில் பலூசிடிஎல்6 ஸ்டேட்டஸ் என்று தட்டினால் எத்தனை கோப்புகள் முடிந்தன என்று காட்டும். ப்ளாஸ்மா 5இல் இறுதியில் உள்ள 6 வேண்டாம். எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். அசையவில்லை என்றால் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் பர்ஜ் என்று தட்டி அட்டவணையைக் கழுவிவிடுங்கள். பழைய கணினிகளில் நான் எப்போதும் செய்வது, அமைப்புகளில் கோப்பின் உள்ளடக்கத்தைப் படிக்கும் தேர்வை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் அட்டவணையிட விடுவது. தேடல் வேலை செய்யும், விசிறியும் அமைதியாகும்.

டம்ப்ளர்டி (எக்ஸ்எஃப்சிஇ)

படங்களுக்கும் வீடியோக்களுக்கும் சிறுபடம் தயாரிக்கும் நிரல். பாதியில் அறுந்த வீடியோ ஒன்று கோப்புறையில் கிடந்தால் போதும், இது அதையே சுற்றிவரும். பென்டிரைவை நகல் முடிவதற்குள் பிடுங்கும் பழக்கம் உள்ள இடங்களில் அடிக்கடி காண்பேன். துனார் கோப்பு மேலாளரின் விருப்பங்களில் சிறுபடங்களை நிறுத்திப் பாருங்கள். ஓட்டம் அடங்கினால், கடைசியாகத் திறந்த கோப்புறையில் உள்ள வீடியோக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, ஓடாததை நீக்குங்கள்.

இந்த மூன்று நிரல்களுக்காகவும் கடைக்குப் போகவே வேண்டாம். ஒரே ஒரு விலக்கு: அட்டவணையை அழித்த பிறகும் வாரம் தவறாமல் அது சிதைகிறது என்றால் வட்டு பழுதாகத் தொடங்கியிருக்கலாம். அறிகுறி 8க்குப் போங்கள்.

அறிகுறி 3: ஜன்னலை நகர்த்தினாலே பிராசஸர் எகிறுகிறது

உச்சியில் க்னோம்-ஷெல், கேவின், ப்ளாஸ்மாஷெல், சின்னமன் அல்லது எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 நிற்கும். இவை திரையை வரைகிறவை. இவற்றை நொந்து பயனில்லை. இவற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது எது என்று பாருங்கள்.

முதலில் ஒரு சோதனை. புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. தேடவேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

புதிய கணக்கில் கோளாறு இல்லை என்றால், உங்கள் கணக்கில் நீங்கள் சேர்த்த ஏதோ ஒன்றுதான் காரணம். க்னோமில் எக்ஸ்டென்ஷன்ஸ் செயலியைத் திறந்து மேலே உள்ள ஒற்றைப் பொத்தானால் எல்லா நீட்சிகளையும் நிறுத்துங்கள். அடங்கினால் பாதிப் பாதியாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். வினாடிக்கு ஒரு முறை வெப்பநிலை, இணைய வேகம் எல்லாம் மேல்பட்டையில் காட்டும் நீட்சிகளே என் அனுபவத்தில் முதல் சந்தேகத்துக்கு உரியவை. சின்னமனில் ஆப்லெட்களையும், கேடிஇயில் விட்ஜெட்களையும் அசையும் வால்பேப்பரையும் இதே முறையில் எடுத்துப் பாருங்கள். எக்ஸ்எஃப்சிஇயில் ஜன்னல் மேலாளரின் கூடுதல் அமைப்புகளில் கம்போசிட்டர் என்ற பகுதி இருக்கிறது; அந்தத் தேர்வை எடுத்துவிட்டால் நிழலும் ஒளி ஊடுருவலும் போகும், பழைய கணினி இலகுவாகும்.

புதிய கணக்கிலும் அதே கோளாறு என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரை (திரையை வரையும் அட்டையை இயக்கும் மென்பொருள்) பாருங்கள். அமைப்புகளில் கணினி பற்றிய பக்கத்தில் கிராஃபிக்ஸ் என்ற வரியைப் படியுங்கள். உங்கள் இன்டெல், ஏஎம்டி அல்லது என்விடியா அட்டையின் பெயர் அங்கே இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எல்எல்விஎம்பைப் என்றோ சாஃப்ட்வேர் ரெண்டரிங் என்றோ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது: அட்டை சும்மா இருக்க, அதன் வேலையையும் பிராசஸரே சுமக்கிறது.

இது எப்படி நேர்கிறது? நிறுவும்போது திரை வராமல் பாதுகாப்பான கிராஃபிக்ஸ் முறையில் நிறுவியிருந்தால், நோமோட்செட் என்ற சொல் தொடக்க அமைப்பில் தங்கியிருக்கலாம். ஈடிசி கோப்புறைக்குள் டீஃபால்ட் என்ற கோப்புறையில் உள்ள க்ரப் கோப்பைத் திறந்து அந்தச் சொல்லை மட்டும் நீக்கி, அப்டேட்-க்ரப் கட்டளையை ஓட்டி மறுதொடக்கம் செய்யுங்கள். என்விடியா அட்டையானால், கர்னல் (லினக்ஸின் மையக்கரு) புதுப்பித்த பிறகு டிரைவர் அதனோடு சேராமல் போயிருக்கலாம். தொடக்கப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்து நுழைந்து பாருங்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் என்விடியா டிரைவர் நிறுவியபின் மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை வந்து சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். புரியாமல் அதைத் தாண்டிப் போனவர்கள் ஏராளம். டிரைவரை நீக்கி மறுபடி நிறுவி, இந்த முறை அந்தத் திரையில் நிறுவும்போது கொடுத்த கடவுச்சொல்லைத் தந்து பதிவை முடியுங்கள்.

டிரைவர் சரியாக இருந்தும் திரையில் கோடுகளோ சிதறிய கட்டங்களோ தெரிந்தால் அட்டையே பழுதாகியிருக்கலாம். மேசைக் கணினியில் அட்டையைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் திரை இணைப்பு இருந்தால் அதில் செருகிப் பார்க்கலாம். மடிக்கணினி என்றால் அங்கே நிறுத்திக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

அறிகுறி 4: வீடியோ பார்த்தால் மட்டும் கொதிக்கிறது

முதலில் உலாவியிலேயே பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டியில் அபௌட்:பிராசஸஸ் என்று தட்டினால் எந்தப் பக்கம் எவ்வளவு உண்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப். வீடியோவைவிட, மறந்துபோய்த் திறந்தே கிடக்கும் விளம்பரப் பக்கம் அதிகம் உண்பது வழக்கமான காட்சி.

வீடியோவே காரணம் என்றால் உங்கள் பிராசஸர் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். இன்டெலில் விபி9 என்ற வீடியோ வடிவத்தை வன்பொருள் முழுமையாகப் பிரித்தெடுப்பது 7ஆம் தலைமுறை முதல்; ஏவி1 வடிவத்தை 11ஆம் தலைமுறை முதல். அதற்கு முந்தைய கணினியில் யூடியூப் இந்த வடிவங்களில் வீடியோவை அனுப்பினால் பிராசஸர்தான் முழுச் சுமையையும் தூக்கும். எச்264 என்ற பழைய வடிவத்தை வற்புறுத்திக் கேட்கும் எச்264ஐஃபை என்ற உலாவி நீட்சியைச் சேருங்கள். 4ஆம் தலைமுறைக் கணினிகளை இன்றும் இப்படித்தான் பாடம் பார்க்கப் பயன்படுத்துகிறோம்.

ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 2022இல் காப்புரிமைக் காரணத்தால் எச்264 போன்றவற்றை வன்பொருளில் பிரித்தெடுக்கும் வசதியை ஃபெடோரா தன் மேசா (கிராஃபிக்ஸ் டிரைவர்கள் அடங்கிய) தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. ஏஎம்டி அட்டை உள்ளவர்கள் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்திலிருந்து ஃப்ரீவேர்ல்ட் என்று முடியும் மேசா தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 5: கேவொர்க்கர் என்ற பெயர் விடாமல் நிற்கிறது

கேவொர்க்கர் கர்னலின் வேலையாள். பல கேவொர்க்கர்கள் தெரிவது இயல்பு. ஒன்று மட்டும் 60, 80 சதவீதத்தில் நிலைத்தால்தான் நோய். அதை நிறுத்த முடியாது, நிறுத்த முயலவும் வேண்டாம். பெயரின் வால்பகுதியைப் படியுங்கள். யாருக்காக உழைக்கிறது என்று அங்கே எழுதியிருக்கும்.

வாலில் யுஎஸ்பி ஹப் என்று இருந்தால் மவுஸ், பென்டிரைவ், பிரின்டர் என வெளியே உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் அடங்குகிறதோ அதுவே காரணம். எல்லாம் பிடுங்கியும் அடங்கவில்லை என்றால் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மாணவியின் மடிக்கணினியில் யுஎஸ்பி துளையின் ஊசி வளைந்து பக்கத்து ஊசியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கம்பியால் நிமிர்த்த முயலாதீர்கள், மதர்போர்டு போய்விடும். இது பழுதுபார்ப்பவரின் வேலை.

வாலில் கேஏசிபிஐடி என்று இருந்தால், அல்லது ஐஆர்க்யூ/9-ஏசிபிஐ என்ற நிரல் தெரிந்தால், மதர்போர்டிலிருந்து ஏதோ ஒரு சைகை நிற்காமல் கர்னலைத் தட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரையும் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். தீரவில்லை என்றால் பயாஸ் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) புதுப்பிப்பு உண்டா என்று பாருங்கள். அதன் பிறகும் நின்றால், சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஏசிபிஐ, அதற்குள் இன்டரப்ட்ஸ் என்ற கோப்புறைக்குப் போங்கள். ஜிபிஇ என்று தொடங்கும் பல கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணிக்கை. மற்றவை பூஜ்யத்திலோ பத்து இருபதிலோ இருக்க, ஒன்று மட்டும் லட்சக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். ரூட் உரிமையோடு அந்தக் கோப்பில் டிஸேபிள் என்று எழுதினால் உடனே அடங்கும். அடுத்த தொடக்கத்தில் இது மறைந்துவிடும் என்பதால் துணிந்து சோதிக்கலாம். ஆனால் மூடியை மூடுவது, ஒளிர்வு விசைகள், பேட்டரி அளவு ஆகிய மூன்றும் முன்போல் வேலை செய்கின்றனவா என்று ஒரு நாள் பாருங்கள். அந்தச் சைகை அவற்றில் ஒன்றுடையதாக இருக்கலாம். எல்லாம் சரி என்றால், அறிகுறி 3இல் சொன்ன க்ரப் கோப்பில் ஏசிபிஐ_மாஸ்க்_ஜிபிஇ என்ற கர்னல் அமைப்பில், அந்தக் கோப்பின் பெயரில் ஜிபிஇக்குப் பின் வரும் எண்ணை நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 6: கேஸ்வாப்டி0

ராம் போதவில்லை. பிராசஸரைக் குறை சொல்ல வேண்டாம். டாப்பில் ஷிஃப்ட், எம் அழுத்தினால் ராமை உண்ணும் வரிசை வரும். உலாவியில் பக்கங்களைக் குறையுங்கள். அடுத்து, ஸ்வாப் இடம் (ராம் நிரம்பினால் கைகொடுக்கும் வட்டுப் பகுதி) இருக்கிறதா என்று ஃப்ரீ கட்டளையால் பாருங்கள். இல்லை என்றால் ஸ்வாப் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள், அல்லது ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸீராமை நிறுவுங்கள். ஃபெடோராவில் 33ஆம் பதிப்பு முதல் அது இயல்பாகவே வருகிறது. 4 ஜிபி கணினியில் இதற்கு மேல் போராடுவதைவிட இன்னொரு ராம் போடுவது நல்லது.

அறிகுறி 7: சிஸ்டம்டி-ஜர்னல்டி அல்லது ஆர்சிஸ்லாக்டி

யாரோ நிறுத்தாமல் புகார் எழுதுகிறார்கள். இவை எழுதிவைக்கும் குமாஸ்தாக்கள். ஜர்னல்சிடிஎல் -எஃப் என்று தட்டினால் அந்தப் புகார் கண்ணெதிரே ஓடும். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். அதில் இருக்கும் பெயரே குறி. பிசிஐஇ பஸ்ஸில் (மதர்போர்டையும் அட்டைகளையும் இணைக்கும் பாதை) பிழை திருத்தப்பட்டது என்ற வகை வரியானால், மேசைக் கணினியில் வைஃபை அட்டையைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்துங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் என்ற கர்னல் அமைப்பைச் சோதியுங்கள்; மடிக்கணினியில் பேட்டரி சற்று சீக்கிரம் தீரும். பிழையை மறைக்க மட்டும் செய்யும் அமைப்புகளை நான் போடுவதில்லை.

அறிகுறி 8: உச்சியில் எந்தப் பெயரும் இல்லை, ஆனாலும் எல்லாம் மந்தம்

டாப்பின் மேல்வரிகளில் டபிள்யூஏ என்ற எழுத்துகளுக்கு முன்னுள்ள எண்ணைப் பாருங்கள். அது 20, 30 என்று நின்றால் பிராசஸர் வட்டுக்காகக் காத்துக்கிடக்கிறது. டிஸ்க்ஸ் செயலியில் ஸ்மார்ட் தகவலை (வட்டு தன் உடல்நலத்தைப் பற்றிச் சொல்லும் குறிப்பு) திறங்கள். மாற்றப்பட்ட செக்டார் (வட்டின் ஒரு சிறு பகுதி), நிலுவையில் உள்ள செக்டார் ஆகிய வரிகளில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் அன்றே காப்பு நகல் எடுங்கள். வேறு எந்தச் சோதனையும் அதற்குப் பிறகுதான்.

டபிள்யூஏ குறைவாக இருந்தால் பிராசஸரின் வேகத்தைப் பாருங்கள். ப்ராக் கோப்புறையில் உள்ள சிபியுஇன்ஃபோ கோப்பில் மெகாஹெர்ட்ஸ் வரிகள் இருக்கும். கடும் வேலையிலும் 400 அல்லது 800ஐத் தாண்டவில்லை என்றால் கணினி தன்னைத் தானே கட்டிப்போட்டிருக்கிறது. மடிக்கணினியானால் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சார்ஜரை அடையாளம் காண முடியாதபோது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் மடிக்கணினிகள் உண்டு. மலிவாக வாங்கிய மாற்றுச் சார்ஜர்தான் நோய் என்று பலமுறை கண்டிருக்கிறேன். அடுத்து சென்சார்ஸ் கட்டளையால் வெப்பநிலை. சும்மா இருக்கும்போதே 80 டிகிரிக்கு மேல் என்றால், அல்லது ஐடில்_இன்ஜெக்ட் என்ற பெயர் உச்சியில் வந்தால், சூடு தாங்காமல் கணினி இளைப்பாறுகிறது. தூசி தட்டுவதை நீங்களே செய்யலாம். தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்றுவது மேசைக் கணினியில் கைப்பழக்கம் உள்ளவர் செய்யக்கூடியது. மடிக்கணினியில் கொடுத்துவிடுவதே நல்லது.

அறிகுறி 9: பெயர் தெரியாத நிரல், நிறுத்தினால் வேறு பெயரில் வருகிறது

கர்னலின் உண்மையான வேலையாட்களுக்குப் பின்னால் வட்டில் எந்தக் கோப்பும் இருக்காது. டாப்பில் சி அழுத்தும்போது அவை சதுர அடைப்புக்குறிக்குள் தெரியும். கர்னல் போலவே பெயர் வைத்துக்கொண்டு டிஎம்பி கோப்புறையிலிருந்து ஓடினால் அது வேடதாரி. கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்பது கர்னலுடையது. இறுதியில் ஓர் ஐ சேர்ந்த கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ நாணயம் தோண்டும் நிரல். இணையத்தைத் துண்டியுங்கள். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு லினக்ஸை அழித்து மறுபடி நிறுவுங்கள். இத்தனை அறிகுறிகளில் மறுநிறுவலை நானே செய்யச் சொல்வது இந்த ஒன்றுக்குத்தான்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

வட்டு, வெப்பம், யுஎஸ்பி துளை, கிராஃபிக்ஸ் அட்டை ஆகிய நான்கிற்கு மட்டும் போங்கள். நிரலின் பெயர், சும்மா இருக்கும்போது காட்டிய வெப்பநிலை, மெகாஹெர்ட்ஸ் எண், ஸ்மார்ட் வரிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கணினியோடு கொடுங்கள். காப்பு நகல் எடுத்த பிறகே கணினியைக் கையை விட்டு அனுப்புங்கள். வட்டை அழிக்க வேண்டி வந்தால் தொலைபேசியில் உங்களைக் கேட்ட பிறகே அழிக்க வேண்டும் என்று அதே தாளின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.